ரைபகினா – ஜபேர், விம்பிள்டன் 2023 காலிறுதி: முன்னோட்டத்துக்கு எது ஆதாரம்? ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூலை 12, புதன்கிழமையன்று விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் நடந்த மகளிர் ஒற்றையர் காலிறுதியில், நடப்புச் சாம்பியனாக இருந்த கஜகஸ்தானின் எலினா ரைபகினாவும் துனிசியாவின் ஓன்ஸ் ஜபேரும் மோதினர். முந்தைய ஆண்டு இதே களத்தில் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றவர்களும் இவர்களே. அதனால் ஆட்டத்துக்கு முன்பே பேச்செல்லாம் ஒரே திசையில் போனது: தோற்றவர் பழிதீர்ப்பாரா, வென்றவர் மீண்டும் வெல்வாரா? காலிறுதி ஒன்றை முன்கூட்டி மதிப்பிட முற்படுபவருக்கு இந்தக் கேள்வியால் எந்தப் பயனும் இல்லை என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. முந்தைய ஆட்டத்தில் யார் வென்றார் என்பதைவிட, அந்த ஆட்டம் எந்தக் கேமில் (ஒருவரே சர்வீஸ் போடும் புள்ளிகளின் தொகுப்பு; இத்தகைய கேம்கள் சேர்ந்ததே ஒரு செட்), எந்தப் புள்ளிகளில் ஒருவர் பக்கம் சாய்ந்தது என்பதும், அப்படிச் சாய்வதற்கான காரணங்கள் ஓராண்டு கழித்தும் அப்படியே இருக்கின்றனவா என்பதும்தான் முன்னோட்டத்தின் உண்மையான பொருள்.

ஆட்டம் முடிந்துவிட்ட நிலையில் முன்னோட்டத்தை ஆராயும்போது, முடிவு தெரிந்த கண்ணால் பழைய தகவல்களைப் பார்க்கும் ஆபத்து இருக்கிறது. அதைத் தவிர்ப்பதற்காக, கணிப்பு வரையிலான பகுதிகளில் ஜூலை 11 இரவு வரை எவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய செய்திகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டத்துக்கு முந்தைய நிலவரம்

தொடரின் தரநிலைப் பட்டியலில் (சீடிங்) ரைபகினா 3-ம் நிலை வீராங்கனையாகவும் ஜபேர் 6-ம் நிலை வீராங்கனையாகவும் களமிறங்கினர். 2022-ல் 17-ம் நிலையிலிருந்து வந்து கோப்பையை வென்றவர் ரைபகினா. அந்த ஆண்டு ரஷ்ய, பெலாரஸ் வீரர்களுக்கு விம்பிள்டன் தடை விதித்ததால் தொடருக்குத் தரவரிசைப் புள்ளிகள் வழங்கப்படவில்லை. எனவே, முந்தைய ஆண்டுப் புள்ளிகளைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கமான நெருக்கடி 2023-ல் இருவருக்கும் இல்லை. அரையிறுதிக்குள் நுழைபவருக்கு 780 புள்ளிகளும் 6 லட்சம் பவுண்டும், காலிறுதியோடு வெளியேறுபவருக்கு 430 புள்ளிகளும் 3.4 லட்சம் பவுண்டும் என்பது அப்போதைய கணக்கு. முந்தைய நாளான ஜூலை 11 அன்று, உலகின் முதல்நிலை வீராங்கனை இகா ஸ்வியாடெக் உக்ரைனின் எலினா ஸ்விட்டோலினாவிடம் தோற்று வெளியேறியிருந்தார். ஆனால் அவர் அட்டவணையின் மறுபாதியில் இருந்தவர். இங்கே வெல்பவர் அடுத்துச் சந்திக்க வேண்டியது அரினா சபலென்கா அல்லது மேடிசன் கீஸை.

2023-ன் பொதுவான ஆட்டநிலையைப் பார்த்தால் ரைபகினாவின் கை தெளிவாக ஓங்கியிருந்தது. ஆஸ்திரேலிய ஓப்பனில் இறுதிவரை சென்று சபலென்காவிடம் மூன்று செட்களில் தோற்றார். இந்தியன் வெல்ஸில் அதே சபலென்காவை வென்று பட்டம் பெற்றார். மயாமியில் இறுதி, ரோமில் பட்டம். கடினத் தரையிலும் களிமண் தரையிலும் ஒரே ஆண்டில் இப்படி ஆடுபவரை, சர்வீஸை மட்டும் நம்பிப் புல்தரையில் வென்றவர் என்று இனிமேல் எவரும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ரோலண்ட் கேரோஸில் (பிரெஞ்சு ஓப்பன்) மூன்றாம் சுற்றுக்கு முன் உடல்நலக் குறைவால் விலகிய அவர், விம்பிள்டனுக்கு முந்தைய புல்தரை வாரங்களிலும் போதிய ஆட்டங்கள் ஆடவில்லை.

ஜபேரின் ஆண்டு வேறு மாதிரி அமைந்தது. ஆஸ்திரேலிய ஓப்பனுக்குப் பிறகு முழங்காலில் சிறு அறுவைச் சிகிச்சை; ஏப்ரலில் சார்ல்ஸ்டன் பட்டம்; உடனே ஸ்டுட்கார்ட் அரையிறுதியில் கெண்டைக்காலில் காயம்; ரோலண்ட் கேரோஸ் காலிறுதியில் பிரேசிலின் பியட்ரிஸ் ஹடாட் மையாவிடம் மூன்று செட் தோல்வி. பெர்லின், ஈஸ்ட்போர்ன் என்ற இரு புல்தரைத் தொடர்களிலும் தொடக்கச் சுற்றுகளிலேயே வெளியேறினார். இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக் கணித்தால் ரைபகினாவைத் தவிர வேறு பெயரை எழுதவே முடியாது. பட்டியல் பொய் சொல்லவில்லை. இந்தக் குறிப்பிட்ட எதிராளிக்கு எதிராக, இந்தக் குறிப்பிட்ட தரையில், இவருடைய ஆட்டம் என்ன செய்யும் என்பதை அது சொல்லவில்லை, அவ்வளவே.

2022 இறுதியை எப்படிப் படிப்பது

2022 ஜூலை 9 அன்று நடந்த இறுதியில் ரைபகினா 3-6, 6-2, 6-2 என்ற கணக்கில் வென்றார். முதல் செட்டில் ஜபேர் ஆதிக்கம் செலுத்தினார், பிறகு மனத்தளவில் தளர்ந்து சரிந்தார் என்பது இந்த எண்களைப் பார்த்தவுடன் தோன்றும் விளக்கம். முன்னோட்டம் எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆட்டத்தின் உள்ளே போனால் படம் மாறுகிறது.

முதல் செட்டில் ஜபேர் எதிராளியின் சர்வீஸை இரண்டு முறை முறியடித்தார், அதாவது ரைபகினா சர்வீஸ் போட்ட இரு கேம்களை வென்றார். அடுத்த இரு செட்களில் ஒரு முறைகூட அவரால் முறியடிக்க முடியவில்லை. ரைபகினா செட்டுக்கு நான்காக எட்டு சர்வீஸ் கேம்களைத் தொடர்ந்து காப்பாற்றினார். ஆனால் அந்த எட்டில் ஒரு கேம் தனியாக எடுத்துப் பார்க்கத் தக்கது. மூன்றாம் செட்டில் ரைபகினா 3-2 என முன்னிலையில் இருந்தபோது, அவருடைய சர்வீஸில் ஜபேர் முதல் மூன்று புள்ளிகளையும் வென்று 0-40 வரை கொண்டுசென்றார். மூன்று பிரேக் பாயிண்டுகள், அதாவது சர்வீஸை முறியடிக்கும் வாய்ப்புகள், அடுத்தடுத்துக் கையில் இருந்தன. ஒன்றை வென்றாலும் 3-3. ரைபகினா அந்த மூன்றையும் மீட்டு, கேமையும் வென்று 4-2 ஆக்கினார். அடுத்த கேமில் ஜபேரின் சர்வீஸ் முறிந்தது. அதற்கடுத்த கேமில் கோப்பை முடிவானது.

அந்தக் கேமைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியும் மற்றதைச் சாராதது என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். சர்வீஸ் போடுபவர் தம் சர்வீஸில் நூற்றுக்கு 65 புள்ளிகளை வெல்பவர் என்றால், 0-40 என்ற நிலையிலிருந்து அவர் அந்தக் கேமைக் காப்பாற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 21 விழுக்காடு. அதாவது, ஐந்தில் நான்கு முறை ஜபேர் 3-3 என்று சமன் செய்திருப்பார். நடந்தது அந்த ஐந்தாவது. அதே வீராங்கனை எட்டு சர்வீஸ் கேம்களை ஒன்றுவிடாமல் காப்பாற்றும் வாய்ப்பும் சுமார் 22 விழுக்காடுதான். சர்வீஸில் நூற்றுக்கு 70 புள்ளிகளை வெல்பவராக அவரை உயர்த்திக் கணக்கிட்டாலும் அது 43 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

இது ரைபகினாவின் வெற்றியைக் குறைத்துச் சொல்வதாகாது. 0-40-ல் நின்று அந்தச் சர்வீஸ்களைப் போட நெஞ்சுரம் வேண்டும். இறுதி ஆட்டத்தின் மூன்றாம் செட்டில் அது இருந்தவரே சாம்பியன் ஆனார். ஆனால் அடுத்த ஆண்டுக்கான முன்னோட்டத்தில் 'ஜபேர் இவருக்கு எதிராகச் சரிந்துவிடுவார்' என்று எழுதுவதற்கு அந்த ஆட்டம் ஆதாரமாகாது. அது தருகிற ஆதாரம் வேறு: ஜபேரால் ரைபகினாவின் சர்வீஸில் வாய்ப்புகளை உருவாக்க முடிகிறது, மூன்றாம் செட்டிலும் முடிகிறது. உருவான வாய்ப்புகள் எல்லா ஆட்டத்திலும் அதே விகிதத்தில் வீணாவதில்லை.

உயரமும் தாழ்ந்து வரும் பந்தும்

இருவரின் ஆட்டமுறையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. 1.84 மீட்டர் உயரமுள்ள ரைபகினாவின் சர்வீஸ் உலக மகளிர் டென்னிஸில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. அலட்டலில்லாத எளிய அசைவு. பந்தை மேலே எறிவதைப் பார்த்து அது அகலமாக வருமா, நடுக்கோட்டை ஒட்டி வருமா என்று ஊகிப்பது கடினம். அதற்குப் பின் இரு பக்கமும் சுழற்சி குறைந்த, தட்டையான, வேகமான அடிகள். இடுப்புயரத்துக்கு வரும் பந்தை அவருக்குக் கொடுத்தால் அந்தப் புள்ளி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

1.67 மீட்டர் உயரமுள்ள ஜபேரின் ஆயுதம் வேகம் இல்லை, வேகமாற்றம். புல்தரையில் ஸ்லைஸ் செய்த (பின்சுழற்சியோடு வெட்டி அடித்த) பந்து தரையைத் தொட்டதும் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். விம்பிள்டனில் எட்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்ட ரைகிராஸ் புல் இதற்கு மிகவும் ஏற்றது. உயரமான ஒருவர் அந்தப் பந்தை எடுக்க முழங்காலை மடக்கி, மட்டையின் முகத்தை மேல்நோக்கித் திறந்து அடிக்க வேண்டும். தட்டையாக அடிப்பவருக்கு இது இரட்டைச் சிரமம்: வலையைத் தாண்ட உயர்த்த வேண்டும், உயர்த்தினால் பந்தைக் கோட்டுக்குள் இறக்கப் போதிய மேற்சுழற்சி இல்லை. அந்த நிலையில் அவர் வேகத்தைக் குறைக்கிறார். வேகம் குறைந்த கணத்தில் ஜபேர் டிராப் ஷாட் போடுகிறார், அதாவது பந்தை வலையை ஒட்டி மெதுவாக விழச் செய்கிறார். டிராப் ஷாட்டைப் பற்றி எழுதுபவர்கள் அதன் அழகைப் பற்றியே எழுதுகிறார்கள். இந்த ஆட்டத்துக்கு முக்கியமானது அதன் மறைமுக விளைவு: அடுத்த பந்து குட்டையாக வந்துவிடுமோ என்ற ஐயம் ரைபகினாவை அடிக்கோட்டுக்கு ஓரடி முன்னே நிறுத்திவிட்டால், ஆழமாக வரும் சாதாரணப் பந்தும் அவர் காலடியில் விழத் தொடங்கும்.

ஆனால் இவை எல்லாம் புள்ளி தொடங்கிய பிறகு நடப்பவை. ரைபகினாவின் முதல் சர்வீஸ் உள்ளே விழும்போது பெரும்பாலான புள்ளிகள் தொடங்குவதே இல்லை. ஆகவே முன்னோட்டத்தின் மையக் கேள்வியை இப்படி வைக்கலாம்: ஜபேரால் எத்தனை ரிட்டர்ன்களை (சர்வீஸுக்கான பதில் அடிகளை), எவ்வளவு மட்டமாக இருந்தாலும், களத்துக்குள் திருப்பி அனுப்ப முடியும்? ஃபோர்ஹேண்ட் பக்கத்திலும் மட்டையைச் சிறிதாக வெட்டி ஸ்லைஸ் ரிட்டர்ன் எடுக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. அப்படி எடுத்த பந்து வெற்றிப் புள்ளியாக வேண்டியதில்லை. தாழ்ந்து, நடுவில், ஆழமாக விழுந்தால் போதும்.

அதன் பலன் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குக் காட்டுகிறது. சர்வீஸில் 65 விழுக்காடு புள்ளிகள் வெல்பவர் ஒரு கேமைக் காப்பாற்றும் வாய்ப்பு 83 விழுக்காடு. ரிட்டர்ன்கள் கூடுதலாக உள்ளே விழுந்து அந்த 65 என்பது 60 ஆகக் குறைந்தால், கேமைக் காப்பாற்றும் வாய்ப்பு 74 ஆக இறங்குகிறது. ஒரு செட்டில் ஐந்து சர்வீஸ் கேம் என்று கொண்டால், குறைந்தது ஒரு பிரேக்காவது (சர்வீஸ் முறிவு) விழும் வாய்ப்பு 61 விழுக்காட்டிலிருந்து 78 ஆக உயர்கிறது. இருபது புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளி கைமாறுவதன் விளைவு இது. பெரும்பாலான முன்னோட்டங்கள் ஏஸ்களை, அதாவது எதிராளியின் மட்டையில் படாமலே புள்ளியாகும் சர்வீஸ்களை, எண்ணுகின்றன. எண்ண வேண்டியது ஏஸ் ஆகாமல் திரும்பி வந்த பந்துகளை.

இன்னும் இரண்டு சூழல் காரணிகள் இருந்தன. மழையால் சென்டர் கோர்ட்டின் கூரை மூடப்பட்டால் காற்றின் தொல்லை இல்லாமல் சர்வீஸ் போடுபவருக்கு வசதி கூடும். எனவே மழை ரைபகினாவுக்கு நல்லது. அடுத்து, மற்ற கிராண்ட் ஸ்லாம் தொடர்களைப் போல் அல்லாமல், அப்போது விம்பிள்டனில் பார்வையாளர் பகுதியிலிருந்து பயிற்சியாளர் யோசனை சொல்ல அனுமதி இல்லை. ஆட்டத்தின் நடுவே திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால் வீராங்கனை தானே கண்டுகொள்ள வேண்டும். பல வகை அடிகளை வைத்திருக்கும் ஜபேருக்கு இது சாதகம் என்று நான் கருதுகிறேன். மாற்றிப் பார்க்க அவரிடம் கூடுதல் வழிகள் உள்ளன.

நான்கு சுற்றுகள் காட்டியவை

ரைபகினா முதல் சுற்றில் ஷெல்பி ரோஜர்ஸிடம் ஒரு செட்டை இழந்து மீண்டார். இரண்டாம் சுற்றில் அலிஸே கோர்னேயை நேர் செட்களில் வென்றார். மூன்றாம் சுற்றில் பிரிட்டனின் கேட்டி போல்ட்டரை 6-1, 6-1 என்று நொறுக்கினார். நான்காம் சுற்றில் 4-1 என முன்னிலையில் இருந்தபோது ஹடாட் மையா முதுகுக் காயத்தால் விலகினார். கடைசி இரு சுற்றுகளில் அவர் மொத்தமாக ஆடியது மூன்று செட்கூட இல்லை. களைப்பில்லாமல் வந்தார் என்று இதை வாசிக்கலாம். அண்மையில் உடல்நலக் குறைவால் தொடர்களிலிருந்து விலகிய ஒருவர், நீண்ட ஆட்டத்தில் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்பது சோதிக்கப்படவே இல்லை என்றும் வாசிக்கலாம். இரண்டாவது வாசிப்பே வலுவானது. ஓய்வின் பயன் முதல் செட்டோடு தீர்ந்துவிடும், சோதனையின்மை மூன்றாம் செட்டில்தான் தெரியவரும்.

ஜபேரின் பாதையில் முதல் இரு சுற்றுகளில் குறிப்பிட ஒன்றுமில்லை. மூன்றாம் சுற்றில் பியான்கா ஆண்ட்ரீஸ்குவிடம் முதல் செட்டை 3-6 என இழந்து, அடுத்த இரண்டையும் 6-3, 6-4 என வென்றார். நான்காம் சுற்றுதான் இந்த ஆய்வுக்கு மிகவும் வேண்டிய சான்று. அங்கே அவர் எதிர்கொண்டது 2011, 2014 ஆண்டுகளின் சாம்பியன் பெட்ரா குவிட்டோவாவை; முடிவு 6-0, 6-3. குவிட்டோவா இடக்கைக்காரர், ரைபகினா வலக்கைக்காரர். அது ஒன்றை நீக்கிவிட்டுப் பார்த்தால், உயரமான உடல், வலுவான சர்வீஸ், தட்டையான அடி, தாழ்ந்த பந்தில் சிரமம் என்று இருவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள். மேலும், அதே ஆண்டு மயாமி இறுதியில் ரைபகினாவை நேர் செட்களில் வென்றவர் இந்தக் குவிட்டோவா. அவருக்கு ஒரு செட்டில் ஒரு கேம்கூடக் கொடுக்காமல் ஆடியவர், இரு நாள் கழித்து ரைபகினாவின் எதிரே நிற்கப்போகிறார். பெர்லினிலும் ஈஸ்ட்போர்னிலும் ஜபேர் தோற்றதைவிட இந்த ஓர் ஆட்டத்துக்குப் பல மடங்கு எடை கொடுத்திருக்க வேண்டும்.

கணிப்பு

கிடைத்த சான்றுகளை இவ்வாறு எடை போட்டால், ஆண்டின் ஒட்டுமொத்த ஆட்டநிலையும் சர்வீஸும் ரைபகினா பக்கம். தரைக்கேற்ற ஆட்டமுறை, அண்மை ஆட்டத்தின் சான்று, நீண்ட ஆட்டத்துக்கான தயார்நிலை ஆகியவை ஜபேர் பக்கம். யார் வெல்வார் என்று ஒரே பெயரைச் சொல்வதைவிட, ஆட்டத்தின் நீளத்தை வைத்து நிபந்தனையோடு சொல்வதே நேர்மையான முன்னோட்டமாக இருந்திருக்கும்: இரு செட்களில் முடிந்தால் ரைபகினாவுக்கு வாய்ப்பு அதிகம், மூன்றாம் செட்டுக்குப் போனால் ஜபேருக்கு. முதல் செட் நெருக்கமாக இருந்து ஜபேர் அதை இழந்தாலும் ஆட்டம் முடிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது என்பதையும் அதனோடு சேர்த்திருக்க வேண்டும். சமபலமுள்ள இருவருள் முதல் செட்டை இழந்தவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு எஞ்சுகிறது. எதிராளியின் உடல் தாங்குமா என்ற ஐயம் இருக்கும்போது அது இன்னும் கூடும்.

முடிவும் மதிப்பீடும்

ஜபேர் 6-7, 6-4, 6-1 என்ற கணக்கில் வென்றார். முதல் செட் 6-6 ஆனதும் அதை முடிவுசெய்ய ஆடப்பட்ட டை-பிரேக்கரை ரைபகினா 7-5 என எடுத்தார்.

எண்களிலிருந்தே ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். 6-4 என்று ஒரு செட்டை வெல்லக் குறைந்தது ஒரு பிரேக் வேண்டும். 6-1 என்று வெல்லக் குறைந்தது இரண்டு. ஆக, கடைசி இரு செட்களில் ஜபேர் ரைபகினாவின் சர்வீஸைக் குறைந்தது மூன்று முறை முறியடித்திருக்கிறார். 2022 இறுதியின் கடைசி இரு செட்களில் அந்த எண்ணிக்கை பூஜ்யம். அன்று முதல் செட்டை வென்று மற்ற இரண்டையும் இழந்தவர், இன்று முதல் செட்டை இழந்து மற்ற இரண்டையும் வென்றிருக்கிறார். சர்வீஸ் போட்டவர் அதே ரைபகினா, ரிட்டர்ன் எடுத்தவரும் அதே ஜபேர். மாறியது அவர்கள் இருவருக்கும் இடையிலான சில புள்ளிகள்.

இதைக் கொண்டு நிபந்தனையோடு கூடிய கணிப்பு சரியென்று நிரூபணமாகிவிட்டதாகக் கொள்ள முடியாது. வாய்ப்பைச் சொல்லும் கணிப்பை ஓர் ஆட்டத்தின் முடிவு உறுதிப்படுத்தவும் செய்யாது, பொய்யாக்கவும் செய்யாது. முதல் செட்டின் டை-பிரேக்கர் ஜபேருக்குப் போயிருந்தால் ஆட்டம் இரு செட்களிலேயே அவருக்கு முடிந்திருக்கலாம். அப்போது 'இரு செட் என்றால் ரைபகினா' என்ற பகுதி தவறாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் காரணங்களைத் தனித்தனியே சரிபார்க்க முடியும் என்பது இம்மாதிரிக் கணிப்பின் பயன். சர்வீஸ் முறிந்ததா? முறிந்தது. மூன்றாம் செட்டில் இடைவெளி கூடியதா? கூடியது. வெறுமனே ஒரு பெயரை எழுதிய முன்னோட்டத்தில் சரிபார்க்க எதுவுமே இருக்காது.

ஜபேர் அடுத்து அரையிறுதியில் சபலென்காவையும் முதல் செட்டை டை-பிரேக்கரில் இழந்து 6-7, 6-4, 6-3 என வென்றார். குவிட்டோவா, ரைபகினா, சபலென்கா என மூவருமே வேகத்தை நம்பும் வீராங்கனைகள். மூவரையும் ஜபேர் ஒரே வாரத்தில் வேகமாற்றத்தால் தோற்கடித்தார். இதனால், இறுதியில் தரநிலை பெறாமல் வந்த மார்கெட்டா வோன்ட்ரூசோவாவுக்கு எதிராகவும் அவரே வெல்வார் என்ற எண்ணம் வலுத்தது. ஆனால் வோன்ட்ரூசோவா வேகத்தால் ஆடுபவர் அல்லர். இடக்கையால் ஸ்லைஸும் டிராப் ஷாட்டும் போட்டு, பந்தைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புபவர். ஜபேரின் ஆயுதங்கள் அவரிடமும் இருந்தன. அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பனிலும் இந்தியன் வெல்ஸிலும் ஜபேரை அவர் வென்றிருந்தார் என்பது இறுதிக்கு முன்பே பதிவில் இருந்த செய்தி. காலிறுதியில் ஜபேருக்குச் சாதகமாக எடை போடப்பட்ட சான்றுகளில் ஒன்றுகூட அந்த ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை; வோன்ட்ரூசோவா 6-4, 6-4 என வென்று, தரநிலை பெறாமல் விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் வீராங்கனை ஆனார்.